ரோசம்மாள் எந்தக் கிளை?

போன மாதம் ஒரு பையன் என்னை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனான். பையன் என்றால் நாற்பதைத் தாண்டியவன். என் வயதுக்கு எல்லாருமே பையன்கள்தாம். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் உதவிச் சங்கத்துக்கு இப்போது அவன்தான் செயலாளர். சங்கத்துக்கு வரலாறு எழுதப்போகிறார்களாம். பழைய ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாம். இதை என் முகத்தைப் பார்த்தே சொன்னான். வஞ்சகமில்லாத பிள்ளை.

"ரெண்டு பக்கம் போதும் அங்கிள். நல்ல விஷயமா நாலு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கடைக்குள் குளிர்சாதனம் நேராக என் பிடரியில் அடித்தது. சளி பிடிக்கும் என்று சொல்லி வாசல் பக்கம் மாறி உட்கார்ந்தோம். அங்கே அழகுக்காக அத்தாப்புக் கூரை போட்டிருந்தார்கள். அத்தாப்பு என்பது எங்கள் நாட்டுக் கீற்று. சதுப்பில் வளரும் நிப்பா ஓலையை மடித்துத் தைப்பது. அண்ணாந்து பார்த்தேன். அடியில் தகரம் இருந்தது. அந்தக் காலத்தில் தகரம் வாங்க வக்கில்லாதவர்கள் அத்தாப்பு போட்டார்கள். இப்போது தகரம் தெரியக்கூடாது என்று அத்தாப்பு போடுகிறார்கள். நாடு முன்னேறியிருக்கிறது.

காப்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த அத்தாப்புக்கு ஒரு வாடை உண்டு. ஊறிய கயிறு, ஆறிப்போன தேநீர், கொஞ்சம் புகை. அது மூக்கில் ஏறியதும் நான் யோசித்து வைத்திருந்த நாலு நல்ல விஷயமும் பறந்துவிட்டன. மலாக்காவில் காஜா பேராங் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு வீடு மட்டும் நினைவுக்கு வந்தது. அதை அந்தப் பையனிடம் சொல்லவில்லை. வரலாற்றில் அதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் பிள்ளை திண்டாடுவான். உங்களிடம் சொல்வதில் சிக்கல் இல்லை.

சங்கத்தின் முழுப்பெயரை நான் எழுதப்போவதில்லை. ஐரோப்பாவில் ஒரு புனிதரின் பெயரில் தொடங்கி, நடுவில் இரண்டு காற்புள்ளி வைத்து, மூச்சு வாங்கி முடியும் பெயர் அது. நாங்கள் 'சங்கம்' என்றோம், ஏழைகள் 'கோயில் ஆளுங்க' என்றார்கள். தலைமை சிங்கப்பூரில். அதன் கீழே மூவார், சிரம்பான் என்று ஊர் ஊராகக் கிளைகள். இங்கே ஒரு விதவைக்கு அரிசி தேவைப்பட்டால் அந்தச் செய்தி சிங்கப்பூர் வரைக்கும் போய்த் திரும்பி வரும் அளவுக்கு எல்லாம் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தன.

விதிகள் நல்ல விதிகள். ஏழை வீட்டுக்கு எப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும். வாசலில் நின்று கொடுத்துவிட்டு வரக்கூடாது. உள்ளே போய் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஒன்றையும் சாப்பிடக்கூடாது, ஏழையின் வாயிலிருந்து பிடுங்கியதாகிவிடும். இதையெல்லாம் எழுதியவர் உத்தமர்தான். அவர் மலாக்காவைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து உடுப்பு மூட்டைகளும் வரும். பிரித்தால் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டுகள். வேர்த்து ஊற்றும் இந்த ஊரில் அதை என்ன செய்வது? ஒன்றை ரப்பர் கிடங்கின் காவல்காரர் வாங்கிப் போய் விரித்துப் படுத்தார். இன்னொன்று ஒரு சேவல் சண்டைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. சண்டைக்கு முதல் நாள் சேவலை அதில் சுற்றி வைப்பாராம். நன்றிக் கடிதத்தில் 'குளிருக்கு மிகவும் உதவியாக இருந்தது' என்று நானே எழுதினேன். செயலாளர் நான்தானே. ரப்பர் கம்பெனியில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கலியாணம் ஆகவில்லை. இந்த மூன்று தகுதியும் சேர்ந்தால் எந்தச் சங்கமும் ஒருவனை விடாது.

மற்ற ஊர்களில் கோயிலுக்கு ஒரு கிளை. எங்களுக்கு மட்டும் மூன்று. தமிழ்க் கிளை, சீனக் கிளை, செரானிக் கிளை. செரானிகள் என்றால் போர்த்துகீசிய வழியினர். பெயர்களும் மீன்குழம்பும் இன்றைக்கும் அவர்களிடம் அப்படியே இருக்கின்றன. ஒரே மண்டபம், ஒரே மின்விசிறி, மூன்று வெவ்வேறு நாள் கூட்டம். ஏழைகளைப் பிரித்துக்கொள்ள ஒரு விதி வைத்திருந்தோம். இது ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல, உள்ளூர்த் தயாரிப்பு. ஓர் ஏழை எந்த மொழியில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாரோ அந்தக் கிளைக்கு உரியவர். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ரோசம்மாள் வரும்வரை சண்டை வரவும் இல்லை.

ரோசம்மாள் கம்போங் செட்டி என்ற செட்டிகள் குடியிருப்பில் பிறந்தவர். அந்தச் செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே இங்கே வந்து தங்கிய வணிகர்களின் வழியினர். நெற்றியில் திருநீறு, வீட்டுக்கொரு கோயில், பேச்சு மட்டும் மலாய். தமிழ்ச் சொற்கள் அதில் அங்கங்கே கல் மாதிரி கடிபடும். ரோசம்மாளின் பழைய பெயர் தெய்வநாயகி. தோணிகளில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த சந்தியாகு என்ற தமிழ்க் கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் பெற்று, கம்போங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடிவந்தார். வீட்டார் உறவை முறித்துக்கொண்டார்கள். சந்தியாகு காய்ச்சலில் போனபோது இரண்டு பெண் பிள்ளைகளும் ஓர் அத்தாப்பு வீடும் மிஞ்சின.

எங்களிடம் அவரைப் பற்றிச் சொன்னவர் பங்குச் சாமியார். பிரெஞ்சுக்காரர். திண்டிவனம் பக்கம் தமிழ் படித்துவிட்டு வந்ததால் ஏட்டில் இருப்பது போலவே பேசுவார். "அந்தக் கைம்பெண்ணின் இல்லம் மிகவும் ஒழுகுகின்றது. நீங்கள் விரைந்து செல்லுங்கள்" என்றார். நானும் அருளப்பனும் விரைந்து சென்றோம். அருளப்பன் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரசர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், விதிகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாதவர்.

"மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டார் ரோசம்மாள். இடுப்பில் சாரோங், மேலே கெபாயா என்ற பூவேலைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. உட்கார்ந்தேன். எதையும் எண்ணிப் பார்ப்பது எனக்கு வியாதி. கூரை ஓட்டைகள் வழியாகத் தரையில் விழுந்த வெயில் வட்டங்களை எண்ணத் தொடங்கி, பதினேழு வரை வந்தேன். அதற்குள் ஒரு தட்டு வந்துவிட்டது. ஒண்டே-ஒண்டே. பச்சை நிற மாவு உருண்டை, மேலே தேங்காய்ப்பூ, உள்ளே மலாக்கா வெல்லத்தின் பாகு. கடித்தால் வாய்க்குள் வெடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணே, விதி" என்றேன் மெதுவாக.

"விதி எழுதினவன் இதப் பாத்திருக்க மாட்டான்லா" என்று அருளப்பன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் சாப்பிடவில்லை. தட்டையும் பார்க்காமல் அந்த அம்மாள் முகத்தையும் பார்க்காமல் வெயில் வட்டங்களையே பார்த்தேன். ரோசம்மாள் தம் மலாயில் சொன்னது இதுதான். பலகாரம் விற்றுத்தான் பிழைப்பு. விடியற்காலையில் மாவு இடித்து வைப்பார். கூரை ஒழுகி மாவு நனைந்தால் அன்றைக்குப் பலகாரம் இல்லை, பலகாரம் இல்லாவிட்டால் சோறு இல்லை. பெருமழைக் காலத்துக்குள் கூரையை மாற்றியாக வேண்டும். அரிசி வேண்டாம், பால்மாவு வேண்டாம், அத்தாப்பு வேண்டும். கேட்பதை இவ்வளவு தெளிவாகக் கேட்ட ஏழையை நாங்கள் பார்த்ததே இல்லை. அதிலேயே எங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

தமிழ்க் கிளையின் தலைவர் சூசைப்பிள்ளை, அரசாங்க இலாகா ஒன்றில் பெரிய கிராணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவசங்கீர்த்தனம் எந்த பாஷையில செய்யறா?"

"மலாயில" என்றேன்.

"சாமியாருக்கு மலாய் தெரியுமா?"

"பசார்ல மீன் வாங்கற அளவுக்குத் தெரியும்" என்றார் அருளப்பன். "பாவமும் அந்த வெலைக்குத்தான் போகும்."

"கேலி வேணாம் டிரசர். அப்ப அவ நம்ம கிளை இல்ல."

"புருசன் தமிழன்லா."

"அவன் செத்துட்டான். செத்தவனுக்குப் பூசை வைக்கலாம். கூரை போட முடியாது."

சீனக் கிளையின் தலைவர் லிம், பலசரக்குக் கடை முதலாளி, தவுக்கே என்போம். தாய் வழியில் பாபா சீனர், பல தலைமுறையாக இங்கேயே ஊறியவர்கள். அவர் வீட்டுப் பேச்சும் மலாய்தான். எங்கள் எல்லாரையும்விட ரோசம்மாள் பேசுவது அவருக்குத்தான் நன்றாகப் புரியும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ரோசம்மாளிடம் பலகாரம் வாங்குபவரும் அவர்தான். ஆனாலும் கையை விரித்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் என்று வரும்போது தம் ஆட்கள் சீனத்தில்தான் செய்கிறார்கள் என்றார். "அவங்க சீனர் இல்லையே. நாங்க எடுத்துக்கிட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க." செரானிக் கிளையின் டி கோஸ்டா இன்னும் மரியாதையானவர். "அவங்க போடற கெபாயா எங்க அத்தை போடற மாதிரியே இருக்கு. ஆனா அவங்க இந்தியர் ஆச்சே. உங்க மரியாதையில நாங்க குறுக்கிட மாட்டோம்." மூன்று கிளைகளும் ஒருவரையொருவர் இவ்வளவு மதித்த காலம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அது எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், ஐம்பத்தேழு, என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் போகிறான், நமக்குக் குடியுரிமை கிடைக்குமா, கப்பலேற்றிவிடுவார்களா என்று சூசைப்பிள்ளை ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தார். சீனாவிலிருந்து வந்த லிம் தவுக்கேயின் அப்பா திரும்பிப் போக இன்னமும் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். டி கோஸ்டாவின் மச்சான் ஆஸ்திரேலியாவுக்கு விசாரித்துக்கொண்டிருந்தார். கவலையே இல்லாமல் இருந்தவர் ரோசம்மாள் ஒருவர்தான். அவர் முன்னோர்கள் வந்தபோது எங்களில் யாருடைய முன்னோரும் கப்பலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். நாட்டில் அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை. சங்கத்தில்தான் இடமில்லை.

சாமியாரே ஒரு வழி சொன்னார். "மலாய் மொழிக்கென ஒரு கிளை தொடங்கினால் என்ன?" மலாய்க்காரர்கள் முஸ்லிம்கள், அவர்களை மதம் மாற்றப் பார்க்கிறோம் என்றாகிவிடும். புதிதாகப் பிறக்கப்போகும் நாட்டில், கோயில் வாசலில் அப்படி ஒரு பலகையை மாட்டினால் யார் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துப் பார்த்தோம். சூசைப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று சாமியார் எடுத்துக்கொண்டார்.

மூன்று கிளைகளும் சேர்ந்து உடனே ஒப்புக்கொண்ட காரியம் ஒன்று உண்டு. இரண்டு பெண் பிள்ளைகளையும் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் சேர்த்துவிடுவது. அங்கே எந்த மொழிப் பிள்ளையும் இருக்கலாம், ஒழுகாத ஓட்டுக் கூரை, மூன்று வேளைச் சாப்பாடு. தாய் ஒருத்திக்கு ஒழுகாத மூலை ஒன்று போதாதா? கணக்குப்படி பிசிறில்லாத முடிவு. போய்ச் சொல்ல வேண்டியவர்கள் நானும் அருளப்பனும்.

அருளப்பன் சொல்லவில்லை. வழியெல்லாம், "நீதான் செயலாளர், நீயே சொல்லு தம்பி" என்று வந்தார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன்.  மூத்தவள் மேரி பத்து வயது, இளையவள் லூர்து ஆறு வயது, இருவரும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். துருவுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"கூரை கேட்டேன்" என்றார் ரோசம்மாள். "பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். கூரையைவிடப் பிள்ளைகள் மலிவா, தம்பி?" தம்பி என்பது மட்டும் தமிழ், மற்றதெல்லாம் மலாய். அன்றைக்குத் தட்டு வரவில்லை. அதை வேண்டாம் என்று சொல்லும் சிரமம் எனக்கு இல்லாமல் போயிற்று.

திரும்பும்போது அருளப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "நம்ம ரெண்டு பேர் சம்பளத்துலயே ஒரு பக்கம் போட்டுடலாம்டா" என்றார். தனி ஆளாகக் கொடுப்பது சங்கத்தின் ஒழுங்கைக் குலைக்கும் என்று நான் விளக்கினேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கொடி ஏற்றினார்கள், பட்டாசு வெடித்தார்கள், எல்லாக் கோயிலிலும் மணி அடித்தார்கள். அதற்கு அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து செய்தி வந்தது. தலைமையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எல்லா ஊர்க் கிளைகளையும் பார்த்துக்கொண்டு வருகிறார். புது நாட்டுக்கு ஏற்றாற்போல, எல்லா இனமும் கலந்து வாழும் ஏழை வீடு ஒன்றைப் பார்க்க விரும்புகிறார்.

சாமியார் சிரிக்காமல் சொன்னார்: "அத்தகைய இல்லம் நம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது."

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் முழுதாக நம்புவதில்லை. சூசைப்பிள்ளை, "சந்தியாகு நம்ம பையன். அவன் பொஞ்சாதி நம்ம பொறுப்பு இல்லாம வேற யாரு பொறுப்பு?" என்று மேசையைத் தட்டினார். லிம் தவுக்கே தம் தாயாரும் அந்த அம்மாவும் பேசுவது ஒரே பேச்சு என்றார். டி கோஸ்டா கெபாயாவை மறுபடியும் எடுத்தார், இந்த முறை வேறு முடிவுக்காக. ஒரே வாரத்தில் மூன்று மாட்டுவண்டிகளில் மூன்று கிளைகளின் அத்தாப்பும் ரோசம்மாளின் முற்றத்தில் வந்து இறங்கியது. கலந்துவிடாமல் மூன்று குவியல். ஒரு வீட்டைச் சுற்றி இன்னொரு வீட்டுக்குப் போதுமான ஓலை.

இனி ஏணி வைத்து ஏற வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். கிளைகள் மூன்று, கூரைக்குச் சரிவு இரண்டுதான். அதிலும் ரோட்டைப் பார்த்த சரிவு ஒன்று, கோழிக்கூண்டைப் பார்த்த சரிவு ஒன்று. கோழிக்கூண்டுப் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

"முன்பக்கம் நாங்க. கோயில்ல மூத்த கிளை நாங்கதான்" என்றார் டி கோஸ்டா.

"மூத்தவங்க விட்டுக் குடுக்கறதுதான் மொற" என்றார் சூசைப்பிள்ளை.

"முகட்ட யாரு மூடறது?" என்று கேட்டார் லிம். அதை யாரும் யோசித்திருக்கவில்லை. அதற்கு இன்னொரு கூட்டம் வைத்தோம்.

அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் பெருமழை பிடித்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சத்தம் போட்டுப் பேசினோம். முகட்டை மூவரும் சேர்ந்து மூடுவது, முன்சரிவைச் சீட்டுப் போட்டு எடுப்பது, ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாரும் ஊர்வலமாகப் போவது என்று முடிவானது. அருளப்பன் மட்டும், "அங்க ஒழுகுது, இங்க வழியுது" என்று குடையை எடுத்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தலைவர்களும் வெள்ளைச் சட்டையில், சங்கப் பதக்கத்தோடு வர, வாடகைக்கு எடுத்த ஏணி ஒன்று முன்னால் போகக் காஜா பேராங்குக்கு நடந்தோம். முற்றத்தில் குவியல் ஒன்றும் இல்லை. கூரையைப் பார்த்தோம். முன்சரிவு, பின்சரிவு, முகடு எல்லாம் புது ஓலை. முகட்டின் மேல் ஓர் ஆள் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, தபால்காரரின் காக்கிக் காற்சட்டை, கையில் ஒண்டே-ஒண்டே.

அவரை ஊருக்கே தெரியும். சபாபதி. எங்கள் எல்லாருக்கும் தபால் கொண்டுவருபவர். அவர் ரோசம்மாளின் அண்ணன் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது. தங்கை மதம் மாறிப் போனதிலிருந்து அந்த வழியாகத் தினமும் சைக்கிளில் போவாராம். திரும்பிப் பார்க்க மாட்டாராம். நின்று கொடுக்கவும் அந்த வீட்டுக்குத் தபால் ஒன்றும் வந்ததில்லை. முற்றத்தில் மூன்று குவியல் நனைந்துகொண்டிருப்பதையும், வாசலில் கெட்டுப்போன மாவைக் கொட்டியிருப்பதையும், பிள்ளைகள் சாப்பாட்டு மேசைக்கடியில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தபடியே ஒரு நாள் போனார், இரண்டாம் நாள் போனார். மூன்றாம் நாள் மகன்களோடும் மருமகன்களோடும் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு ஏறுனீங்க?" என்று சூசைப்பிள்ளை தமிழில் கத்தினார்.

சபாபதி மலாயில் பதில் சொன்னார். "என் தங்கை வீடு."

"அத்தாப்பு எங்களது!"

"முற்றத்தில் கிடந்தது. மழையும் வந்தது." மிச்சப் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல ஓலை. யார் வாங்கியது?"

மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். பிறகு மூடிக்கொண்டார்கள்.

அண்ணன் சும்மா வரவில்லை, ஒரு நிபந்தனையோடுதான் வந்தார் என்று பின்னால் அருளப்பன் விசாரித்துச் சொன்னார். தாய்மதத்துக்குத் திரும்பு என்று கேட்பார் என ரோசம்மாள் பயந்திருக்கிறார். அவர் கேட்டது வேறு. போகியன்று செட்டிகள் வீட்டில் முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். "நீ போனதிலிருந்து மிளகாய்ச் சம்பால் சரியில்லை. அம்மாவுக்கே பிடிக்காது. வந்து சமைத்துக் கொடு." இது பாவமா இல்லையா என்று ரோசம்மாள் சாமியாரிடம் ஓடினார். சாமியார் வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டு, தம்மிடமிருந்த மீன் வாங்கும் மலாயில் தீர்ப்புச் சொன்னாராம்: "சமைப்பது நீ. படைப்பது அண்ணன். மிச்சத்தில் எனக்குக் கொஞ்சம்."

சிங்கப்பூர்ப் பெரியவர் வந்தார். ஒல்லியான, காது கொஞ்சம் மந்தமான மனிதர். விதிப்படி உள்ளே போய் உட்கார்ந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, எந்தக் கிளையின் வேலை என்று கேட்டார். மூன்று தலைவர்களும் ஆளுக்கு அரை அடி முன்னால் வந்தார்கள். ரோசம்மாளுக்குக் கேள்வியை டி கோஸ்டா மலாயில் சொன்னார்.

"அபாங் சாயா" என்றார் ரோசம்மாள். என் அண்ணன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற காக்கிச் சட்டைக்காரரைக் கையால் காட்டினார்.

பெரியவர் அவரையும் அவர் திருநீற்றையும் பார்த்தார்.  முன்னால் இருந்த தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார். பாகு தெறித்து அவருடைய கழுத்துப்பட்டையில் விழுந்தது. இன்னொன்று எடுத்தார். தலைமையே விதியை மீறிய பிறகு கிளைகள் என்ன செய்யும்? தட்டு காலியாயிற்று. என் முறை வருவதற்குள்.

அடுத்த வாரம் மூன்று கிளைகளும் கூடின. இந்த முறையும் சேர்ந்தே கூடின. உழைக்கும் வயதுள்ள, அரசாங்கச் சம்பளம் வாங்கும் உடன்பிறந்தவர் இருக்கும்போது ஒருவரை ஏழை என்று கொள்ள முடியாது என்று விதியில் இருப்பதை சூசைப்பிள்ளை கண்டுபிடித்தார். ரோசம்மாளின் பெயரை எடுத்துவிட்டோம். அந்தப் பெயர் எந்தக் கிளையிலிருந்து எடுக்கப்பட்டது என்று அருளப்பன் கேட்டார்.  சங்கத்தின் வரலாற்றில் மூன்று கிளைகளும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானங்கள் இரண்டு. இரண்டும் அவரைப் பற்றியவை.

மறுபடியும் நாங்கள் இருவர்தான் போய்ச் சொன்னோம். இந்த முறையும் வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். ரோசம்மாள் கேட்டுவிட்டு, "தாக் அப்பாலா" என்றார். பரவாயில்லை என்று. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "அப்படியானால் நான் இப்போது ஏழை இல்லை?"

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் நீ சாப்பிடலாம்" என்று தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிட்டேன். தரையில் எண்ணுவதற்கு வெயில் வட்டம் ஒன்றுகூட இல்லை. லூர்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், பாகு சட்டையில் சிந்துமா என்று. சிந்தியது. அவள் சிரித்த சிரிப்பில் அருளப்பனுக்குப் புரையேறிவிட்டது.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது டயர்க் கடை. விடுதியை மூடிப் பல காலம் ஆகிறது. சூசைப்பிள்ளை, லிம் தவுக்கே, டி கோஸ்டா மூவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், அங்கேயும் வெவ்வேறு வரிசையில். அருளப்பன் போன அன்று மட்டும் நான் கணக்கு எதுவும் பார்க்காமல் அழுதேன். சபாபதியும் போய்விட்டார். ரோசம்மாள் கடைசிக் காலத்தில் அண்ணன் மகனோடு கம்போங் செட்டியிலேயே இருந்தார். விடிந்தால் பூசைக்கு வருவார், போகிக்குச் சமைப்பார். மூன்று கிளைகளும் கரைந்து ஒன்றாகி, இப்போது ஆங்கிலத்தில் கூடுகிறோம். யாருக்கும் வருத்தமில்லை, எல்லாருக்கும் ஒரே அளவு அந்நியம்.

ஞாயிறு மாலையில் கோயிலில் மலாய்ப் பூசை நடக்கிறது. கடல் தாண்டிச் சபாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்த, மலாய் பேசும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காக வைத்தார்கள். வாரம் முழுவதிலும் இடம் கிடைக்காத பூசை அது ஒன்றுதான். முழங்கால் வலியால் காலைப் பூசையைத் தவறவிட்ட ஒரு ஞாயிறு நானும் அதற்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வாசகம் வாசிக்க ஒரு வயதான அம்மாள் ஏறினார். வாசித்தது திருத்தமான, பள்ளிக்கூட மலாய். முகம் மட்டும் எங்கோ பார்த்த முகம். வெளியே வந்து விசாரித்தேன். லூர்துதான். செமாபோக்கில் மகளோடு இருக்கிறாள். மூத்தவள் மேரி நர்ஸாகி இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே அடங்கிவிட்டாளாம். என்னை லூர்துக்கு நினைவில்லை. சட்டையில் பாகு சிந்திய கதையைச் சொன்னேன், மரியாதைக்குச் சிரித்தாள்.

"அம்மா பேசுன மலாய் இது இல்லையே" என்றேன். "அதுல தமிழ் வரும், என்னென்னமோ வரும். அத இப்பப் பேசறியா?"

சபா பிள்ளைகள் படிகளில் கூட்டமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். லூர்து அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"யார்கிட்ட பேசறது?" என்றாள்.